கடைசி அத்தியாயத்தில் வரும் சிறுவன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது வருடத்துக்கு மேல் கிளை நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். க்ரைம் நாவல் கையில் கிடைத்தால் இன்றும் சாப்பாட்டை மறந்துவிடுவேன். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் த்ரில்லர் தொடர்கதைகளை ஒன்று விடாமல் படிக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலான கதைகளில் கொலைகாரன் பிடிபட்டதும் கடைசி அத்தியாயத்தில் ஒரு சிறுவன் வருவான். பூட்டிய அறை, குடிகார அப்பா, இல்லையென்றால் தப்பாகத் தொட்ட மாமா. 'அதனால்தான் இவன் இப்படி ஆனான்' என்று மனநல மருத்துவர் இன்ஸ்பெக்டரிடம் இரண்டே பத்தியில் சொல்லி முடித்துவிடுவார். நானும் பல வருடம் அதை அப்படியே நம்பிப் படித்தவன்தான்.

ஒரு நாள் சாயங்காலம், நூலகம் பூட்டுகிற நேரம். திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகிற ஒரு பெண் நாவலைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வாரம் இரண்டு நாவல் படிக்கிறவர். கடைசிப் பக்கத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். "சார், சின்ன வயசுல அப்படி நடந்த பிள்ளைங்க எல்லாம் பெருசானா இப்படித்தான் ஆயிருவாங்களா?" விரல் அந்த வரியிலேயே இருந்தது, நகக்கண்ணில் திராட்சைக் கறை. அவர் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "அது கதைம்மா" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். என் பதில் அவருக்குப் போதவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அமெரிக்காவில் கேத்தி விடம் என்ற உளவியலாளர், சிறு வயதில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றத்தில் பதிவான 908 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பின்னாளில் அவர்கள் கைதானார்களா என்று பார்த்தார். 1989இல் முடிவு வெளியானது. சிறார் வயதில் கைதானவர்கள் 26 சதவீதம். அப்படிப் பதிவு எதுவும் இல்லாத குழந்தைகளில் 17 சதவீதம். கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் நூற்றுக்கு மிச்சம் 74 பேர் எங்கே போனார்கள்? அவர்களில் ஒருவரையாவது நம் த்ரில்லர்களில் பார்த்திருக்கிறோமா?

இதைச் சரியாகக் கையாண்ட நாவலும் உண்டு. டெனிஸ் லெஹேன் 2001இல் எழுதிய 'மிஸ்டிக் ரிவர்'. முடிவைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். பாஸ்டனில் ஒரு தெரு, 1975ஆம் வருடம். அங்கே நிற்கும் மூன்று பையன்களில் டேவ் என்பவனை மட்டும், போலீஸ் மாதிரி நடித்த இரண்டு பேர் காரில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நான்கு நாள் கழித்துத் தப்பி வருகிறான். இருபத்தைந்து வருடம் கழித்து அந்த மூவரில் ஒருவனான ஜிம்மியின் மகள் கொலையாகிறாள். அதே இரவு டேவ் ரத்தக் கறையோடு வீட்டுக்கு வருகிறான். கட்டிய மனைவியே அவனைச் சந்தேகப்பட்டு ஜிம்மியிடம் போய்ச் சொல்கிறாள். ஜிம்மி டேவைக் கொன்றுவிடுகிறான். அப்புறம்தான் தெரிகிறது, பெண்ணைக் கொன்றது வேறு ஆட்கள் என்று. டேவும் அன்றிரவு ஒரு கொலை செய்தவன்தான், ஒரு சிறுவனிடம் தவறாக நடந்தவனைக் கொன்றவன். லெஹேன் அதை மறைக்கவில்லை. ஆனால் அவர் டேவின் பால்யத்தைக் கடைசி அத்தியாயத்துக்காக ஒளித்து வைக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறார். 'அந்தப் பையன்தானே' என்ற ஒரே பார்வை அவனை எப்படிச் சுற்றி வளைக்கிறது என்பதைப் பக்கம் பக்கமாகக் காட்டுகிறார். படித்து முடித்தபோது அந்தத் தாயின் விரல்தான் என் நினைவுக்கு வந்தது.

நம் எழுத்தாளர்களுக்குக் களம் இல்லாமல் இல்லை. 2012 போக்சோ சட்டப்படி குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் போலீஸ்காரர் சீருடையில் இருக்கக் கூடாது. சாட்சி சொல்லும் நேரத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. திரைக்கு இந்தப் பக்கம் ஒரு குழந்தை, அந்தப் பக்கம் மாமா. இதைவிடப் பதற்றமான காட்சி எந்தக் கொலையில் இருக்கிறது? நம் தொடர்கதைகளிலோ காக்கி உடுப்போடு மேசையைத் தட்டித்தான் இன்னமும் குழந்தையை விசாரிக்கிறார்கள்.

கொலைகாரனுக்குப் பால்யமே வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதே அடி வாங்கி, கொலை செய்யாமல் வளர்ந்த ஒருவரையும் அதே கதையில் நடமாட விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அப்படியொரு அத்தியாயம் வரும் வாரத்தில், 'தொடரும்' என்ற வார்த்தைக்குக் கீழே குழந்தைகள் உதவி எண் 1098ஐ ஒரு வரியில் போடுங்கள்.

என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம். சின்ன ஊர், அந்தத் தாயை அடையாளம் கண்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
தேனி மாவட்டம்.