பிரெஞ்சுப் படம் என்று பணம் வாங்கிக்கொண்டு வேறு படங்களைக் காட்டியது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் ஆண்டுச் சந்தாதாரர்,
புதுச்சேரி.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சென்னை.

பொருள்: 'இன்டச்சபிள்ஸ்' பிரெஞ்சுத் திரைப்படம் விளம்பரப்படி வழங்கப்படாமை, தங்கள் ஊழியரின் மரியாதைக் குறைவான பேச்சு, பணத்தைத் திருப்பித் தருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது நான் தங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. கட்டணமில்லா எண்ணில் காத்திருந்து காத்திருந்து, தாங்கள் ஒலிக்கவிடும் அந்த வீணை இசை எனக்கு மனப்பாடமாகிவிட்டது. இனித் தொலைபேசியில் பேசும் தெம்பு எனக்கு இல்லாததால், ரசீது, பேருந்துச் சீட்டுகள், திரையில் தெரிந்தவற்றின் படங்கள் ஆகியவற்றை இணைத்து விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

தங்கள் திரைப்படச் செயலியின் தங்கத் திட்டத்தை நான் ரூ.1,499 கட்டி வாங்கியது, அதனுடன் வரும் உலகத் திரைத் தொகுப்பில் "பிரெஞ்சு மூல ஒலி, தமிழ் வசன வரிகள்" என்று இந்தப் படத்தின் பெயருக்குக் கீழே போட்டிருந்த ஒரே காரணத்துக்காகத்தான். என் நண்பர், எங்கள் ஊர் வழக்கில் சொன்னால் ஒரு சொல்தா, பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவர். நான் அவரை 'முசே' (பிரெஞ்சில் 'ஐயா') என்றே அழைப்பேன். அவருக்கு வயது 81. நானோ தமிழ் தவிர வேறு மொழி அறியாத, ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க எழுத்தர். அவர் 2011ஆம் ஆண்டு நவம்பரில், இந்தப் படம் வெளியான சமயம் பாரிஸில் மகள் வீட்டில் இருந்து திரையரங்கில் பார்த்தவர். அன்று முதல் இதை எனக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் காதுக்குப் பிரெஞ்சும் என் கண்ணுக்குத் தமிழும் ஒரே திரையில் கிடைக்கும் என்பதால், பிரெஞ்சுத் தேசிய தினமான ஜூலை 14 அன்று, காலையில் கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் மலர் வளையம் வைத்துவிட்டு அவர் திரும்பியதும், மாலையில் என் வீட்டில் பார்ப்பதென்று முடிவு செய்தோம்.

அன்று தங்கள் செயலி காட்டியது நியூயார்க் நகரத்தை. பிரான்சுவா க்ளூசே இருக்க வேண்டிய சக்கர நாற்காலியில் பிரையன் க்ரான்ஸ்டனும், ஒமர் சி இருக்க வேண்டிய இடத்தில் கெவின் ஹார்ட்டும் இருந்தார்கள். 2019இல் திரையரங்குக்கு வந்த அமெரிக்க மறு ஆக்கம் அது. பதக்கங்களைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்திருந்த முசே பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டார். முப்பது ஆண்டு நட்பில் அவர் என் வீட்டிலிருந்து காப்பி குடிக்காமல் போனது அன்றுதான்.

மறுநாள் நான் புகார் செய்ததும், "சரிசெய்யப்பட்டது" என்று குறுஞ்செய்தி அனுப்பினீர்கள். அதே இணைப்பைத் திறந்தால் நாகார்ஜுனாவும் கார்த்தியும் நடித்த, இதே படத்தின் தமிழ் மறு ஆக்கமான 'தோழா' ஓடுகிறது. அதுவும் நல்ல படம், பாரிஸில் எடுத்த காட்சிகள்கூட அதில் உண்டு. ஆனால் 2016இலேயே பணம் கொடுத்துத் திரையரங்கில் பார்த்துவிட்டேன், ஐயா. அதற்கு எதற்குத் தங்கத் திட்டம்?

இந்த இடத்தில் தங்கள் ஊழியர் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆகஸ்ட் 2 அன்று பிற்பகலில், நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு இணைப்பில் வந்த அவர், நான் பாதி சொல்லும்போதே குறுக்கிட்டு, "கதை ஒண்ணுதானே சார், வீல்சேர்ல ஒருத்தர், பக்கத்துல ஒருத்தர், யார் நடிச்சா உங்களுக்கு என்ன?" என்றார். நான் மறுத்துப் பேச, "வயசானவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தது என் காதில் தெளிவாக விழுந்தது. அழைப்புகள் பதிவு செய்யப்படும் என்று தாங்களே அறிவிப்பதால், அந்தப் பதிவைத் தாங்கள் ஒருமுறை கேட்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கதை ஒன்றுதானா? பாராகிளைடரில் இருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே உணர்வற்றுப்போன பிரபு குலத்துப் பணக்காரர் ஒருவர். சிறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்து, வேலைக்காக அல்லாமல், வேலை தேடியதாக ஒரு கையெழுத்து கிடைத்தால் உதவித்தொகை வாங்கலாம் என்று வந்த புறநகர்க் குடியிருப்பு இளைஞன் ஒருவன். இது ஒலிவியே நக்காஷ், எரிக் தொலெதானோ ஆகிய இயக்குநர்கள் அறையில் உட்கார்ந்து கற்பனை செய்தது மட்டும் அன்று. பிலிப் போத்ஸோ தி போர்கோ என்பவர் 1993இல் அப்படி விழுந்தவர், 2023இல்தான் மறைந்தார். அவரைப் பார்த்துக்கொண்ட அப்தெல் செல்லு அல்ஜீரியாவில் பிறந்தவர். படத்தில் அவரைச் செனகல் வழிவந்தவராக மாற்றி ஒமர் சிக்குக் கொடுத்தார்கள். அதற்காக 2012இல் பிரான்சின் செசார் திரைப்பட விருதில் சிறந்த நடிகராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பின நடிகர் அவரே. பாரிஸின் மாளிகைக்கும் அதே பாரிஸின் புறநகர் அடுக்ககங்களுக்கும் நடுவில் உள்ள தூரம் நியூயார்க்கிலோ நம் நாட்டு நகரம் ஒன்றிலோ அதே தூரமாக இருக்குமா? இந்த விவரங்களை விற்பவர் வாங்குபவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை வந்திருப்பதே வேதனை.

மூன்றாவது முறையாக, செப்டம்பரில், அசல் படத்தையே ஏற்றினீர்கள். அதற்கு நன்றி சொல்லலாம் என்றுதான் இருந்தேன். தமிழ் வசன வரிகளைப் படித்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. தன்மீது இரக்கமே இல்லாத ஆள்தான் தனக்கு வேண்டும், தனக்கு ஊனம் என்பதையே மறந்து அந்த இளைஞன் தொலைபேசியைத் தன்னிடம் நீட்டுகிறான் என்று அந்தப் பணக்காரர் தனக்கு நெருங்கிய ஒருவரிடம் சொல்லும் இடம்தான் இந்தப் படத்தின் உயிர் என்று முசே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில் தங்கள் வசன வரி "பாவம் செய்யாதவனே எனக்கு வேண்டும்" என்று இருக்கிறது. முசே நிறுத்தி நிறுத்தி விளக்கியிராவிட்டால் நான் இதை ஏதோ ஆன்மீகப் படம் என்றே நினைத்திருப்பேன். பணக்காரரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்த அந்த இளைஞன் ஒரு வரியில் முதலாளியைத் "தாங்கள்" என்கிறான், அடுத்த வரியில் "டா" போடுகிறான். ஒப்பரா மேடையில் மரம்போல வேடமிட்டு ஒருவர் பாடுவதைப் பார்த்து அவன் விழுந்து விழுந்து சிரிக்கும் காட்சியில் முசேயும் சிரித்தார். நான் மட்டும் "மர மனிதன் ஒலிக்கிறான்" என்ற வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படத்தின் பெயரையே "தீண்டத்தகாதவர்கள்" என்று பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்கு நம் நாட்டில் என்ன வரலாறு, என்ன காயம் என்று ஒரு நொடியாவது யோசித்தீர்களா?

இதெல்லாம் போகட்டும் என்றாலும், 112 நிமிடப் படம் தங்கள் செயலியில் 71ஆம் நிமிடத்தில் நின்றுவிடுகிறது. ஐந்து முறை முயன்றாயிற்று. கடைசியில் உண்மையான அந்த இருவரையுமே காட்டுவார்களாம், இத்தாலிய இசையமைப்பாளர் எய்னாவ்தியின் பியானோ பின்னணியில் வருமாம். எல்லாம் முசே சொல்லி நான் கேட்டதுதான்.

இடையில் செப்டம்பர் 19 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் பேருந்தில் மூன்றரை மணி நேரம் பயணம் செய்து தங்கள் சென்னை அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு, "இங்கே கணக்குப் பிரிவு மட்டும்தான், புகாரைச் செயலியில் போடுங்கள்" என்று வரவேற்பில் சொன்னார்கள். அந்தச் செயலி வேலை செய்யவில்லை என்பதுதானே என் புகார்? வாயிற்காவலர் ஒருவர் மட்டும் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, நிழலில் உட்காரச் சொன்னார். அவரைத் தாங்கள் தொலைபேசிப் பிரிவுக்கு மாற்றலாம். ஆகஸ்ட் 2 அன்று பேசியவரை வாயிலுக்கு அனுப்பலாம் என்று சொல்ல மாட்டேன், வருகிறவர்கள் பாவம்.

சந்தாத் தொகை, பேருந்துக் கட்டணம், நான்கு மாத அலைச்சல், முசேயிடம் நான் இழந்த மதிப்பு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தால் என் இழப்பு ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாது. ஆயினும் நான் கேட்பது ரூ.1,499, இரு வழிப் பேருந்துக் கட்டணம், அந்த ஊழியரின் எழுத்துமூல வருத்தம், முழுமையாக ஓடும் படம், மனிதர் எழுதிய தமிழ் வசன வரிகள் ஆகியவை மட்டுமே. தங்கள் நிறுவனத்தின் மீது எனக்குத் தனிப்பட்ட பகை ஏதும் இல்லை. பழைய தமிழ்ப் படங்களைத் தாங்கள் நன்றாகவே வழங்குகிறீர்கள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அடுத்துப் புதுச்சேரி நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன். நுகர்வோர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் கிடையாது. எனவே அடுத்த முறை மூன்றரை மணி நேரம் பேருந்தில் உட்கார வேண்டியவர் நானாக இருக்க மாட்டேன். அந்நிலை வராது என்றே நம்புகிறேன்.

பதிலைத் தயவுசெய்து தபாலில் அனுப்புங்கள். செயலியில் அனுப்பினால் அது 71ஆம் நிமிடத்தில் நின்றுவிடக்கூடும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தங்கத் திட்டச் சந்தாதாரர்,
புதுச்சேரி.