மயிரிழைக் கோடு மறைந்தால் பெயரே மாறிவிடும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பு பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ஆங்கிலப் பக்கத்துக்குப் போடோனி எழுத்துருவைப் பரிந்துரைத்திருந்தது. நல்ல தேர்வு. ஆனால் அதை எந்த அளவில், எந்தத் தாளில், எந்த முறையில் அச்சடிக்கலாம் என்று ஒரு வரிகூட இல்லை. போடோனியைப் பொறுத்தவரை சொல்லியே ஆக வேண்டியது அதுதான்.

அந்த எழுத்தின் அழகெல்லாம் தடிமனுக்கும் மென்மைக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. செங்குத்துக் கோடு தூண் மாதிரி நிற்கும். குறுக்குக் கோடும், தலையிலும் காலிலும் வரும் செரிஃப் கோடும் மயிரிழை. இரண்டும் சேரும் இடத்தில் வளைவே கிடையாது; நேராக வந்து முட்டும். அதற்கு முந்தைய பாஸ்கர்வில் எழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதில் செரிஃப் மெல்ல வளைந்து தூணோடு கலப்பது தெரியும்.

இத்தாலியின் பார்மா நகரில் கோமகனின் அச்சகத்தை 1768 முதல் நடத்திய ஜாம்பத்திஸ்தா போடோனி, ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக எழுத்து வெட்டினார். சிறிய அளவுகளில் மயிரிழை சற்றுத் தடிமனாகவே இருக்கும். அவர் 1813-ல் மறைந்த பிறகு, மனைவி மார்கரீத்தா 1818-ல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட மாதிரி நூலில் அந்த உழைப்பு முழுவதும் இருக்கிறது. இன்றோ, பெரிய அளவுக்கு வரைந்த ஒரே வடிவத்தைக் கணினியில் சுருக்கி 8 பாயிண்டிலும் (பாயிண்ட் என்பது எழுத்தின் அளவைக் குறிக்கும் அலகு; ஓர் அங்குலத்தில் 72) வைத்துவிடுகிறோம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மயிரிழை, எழுத்தின் அளவில் 50-ல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 8 பாயிண்டில் அது 0.16 பாயிண்ட், அதாவது 0.06 மில்லிமீட்டர்கூட இல்லை. தங்க ஃபாயிலில் (சூட்டாலும் அழுத்தத்தாலும் தாளில் ஒட்டும் மெல்லிய தங்கநிறப் படலம்) ஒரு கோடு உடையாமல் ஒட்ட ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டராவது வேண்டும். அப்படியானால் எழுத்து 28 பாயிண்டுக்குக் குறையக் கூடாது. மேடுபள்ளமான கையால் செய்த தாள் என்றால் இன்னும் பெரிதாக வேண்டும். மணமக்கள் பெயருக்கு அந்த அளவு கிடைக்கும். பெற்றோர் பெயர், மண்டபம், நேரம் எல்லாவற்றையும் அதே எழுத்தில் 9 பாயிண்டில் தங்கத்தில் அடித்தால் என்ன ஆகும்?

ஆங்கிலப் பெரிய எழுத்து 'எச்'சில் (H) நடுக்கோடு போய், இரண்டு தூண்கள் மட்டும் தனியாக நிற்கும். 'ஏ'வின் (A) இடது கால் காணாமல் போகும். 'யு'வில் (U) வலது கால் போய்விடும். 'என்' (N) நிலைமை இன்னும் மோசம்: அதில் நிற்கும் கோடுகள் இரண்டுமே மெல்லியவை, சாய்வுக்கோடு மட்டுமே தடிமன். மிஞ்சுவது ஒரு சாய்ந்த கீற்று. சின்ன 'இ'யின் (e) குறுக்குக் கோடு விட்டுப்போனால் அது 'சி' (c) ஆகிவிடும். நம் பெயர்களில் இந்த எழுத்துகள் எவ்வளவு அதிகம் என்று சொல்லத் தேவையில்லை.

லேசர் பிரிண்டரில் எடுக்கும் மாதிரிப் படியை (புரூஃப்) மட்டும் நம்பவே கூடாது. 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) பிரிண்டரில் ஒரு புள்ளியே 0.04 மில்லிமீட்டர், டோனரும் கொஞ்சம் பரவும். அதனால் கோடு உண்மையைவிடத் தடிமனாகத் தெரியும். 2400 டிபிஐ அச்சுத் தகட்டிலோ (பிளேட்) உள்ளது உள்ளபடி மெல்லியதாகவே விழும். புரூஃபில் நன்றாக இருந்ததே என்று வாடிக்கையாளரும் அச்சகமும் சண்டை போடுவது இதனால்தான்.

இதற்குக் குறுக்கு வழியாக எழுத்தைச் சுற்றி அவுட்லைன் கொடுத்துத் தடிமனாக்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மயிரிழையோடு தூணும் தடிக்கும். சின்ன 'ஏ' (a), 'இ' (e) எழுத்துகளின் உள்வெளி அடைந்துவிடும். சிறிய அளவுக்கென்றே வரைந்த வடிவத்தை எடுப்பதுதான் சரி. 1994-ல் வந்த ஐடிசி போடோனியில் 6, 12, 72 பாயிண்டுகளுக்குத் தனித்தனி வடிவங்கள் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் போடோனி மோடாவில் 6 முதல் 96 வரை அளவுக்கேற்ப வடிவத்தை மாற்றலாம். சில மென்பொருள்களில் அது தானாக மாறாது. கையால்தான் வைக்க வேண்டும்.

வரிகளுக்கு இடையே தாராளமாக இடம் விடுங்கள்: 10 பாயிண்ட் எழுத்துக்கு ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடி வரை 14 பாயிண்ட். தூண்கள் வரிசையாக நிற்பதால், நெருக்கினால் கம்பிவேலி மாதிரி ஆகிவிடும். முழுப் பெரிய எழுத்தில் வைக்கும் பெயருக்கு டிராக்கிங் (எழுத்துகளுக்கு இடையே விடும் கூடுதல் இடம்; மென்பொருளில் வைக்கும் எண்) 50 முதல் 100 வரை கொடுக்கலாம். சிறிய எழுத்துக்குக் கூடாது. தமிழ்ப் பக்கத்துக்கு ஒரே சீரான தடிமன் கொண்ட எழுத்தைப் போட்டால் எதிரே உள்ள போடோனி வெளிறித் தெரியும். தடிப்பும் மெலிவும் கொண்ட தமிழ் எழுத்துரு அதற்குப் பொருந்தும்.

உங்கள் இணைப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வண்ணப் படத்தின் மேல் போடோனியில் வெள்ளையாக 9 பாயிண்டில் ஆங்கிலக் குறிப்புகள் வருகின்றன. நான்கு வண்ணங்களில் ஒன்று 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே அந்த வெள்ளை மயிரிழையை மை மூடிவிடும்; நியூஸ்பிரிண்டில் மை ஊறிப் பரவுவது வேறு. போன வாரம் படங்களின் மேல் வந்த குறிப்புகளில் பாதிச் சொற்களைப் படிக்க முடியவில்லை. படக்குறிப்பைப் படத்துக்கு வெளியே, கருப்பில், தடித்த செரிஃப் உள்ள எழுத்தில் வையுங்கள். போடோனியை 40 பாயிண்டுக்கு மேல் தலைப்பில் போடுங்கள். உங்கள் தாளிலும் அது எழுந்து நிற்கும்.

– அச்சு வடிவமைப்பாளர், சிவகாசி