ஜூலை மாதத்துக்கும் உதவி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாதிரியாரும் இமாமும் கோயில் பூசாரியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து நோன்புக் கஞ்சி குடிக்கிற படங்களை வருஷா வருஷம் பத்திரிகைகளில் பார்க்கிறோம். சந்தோஷம்தான். நீலகிரியில் எங்கள் கூடலூர், பந்தலூர் பக்கம் அது வெறும் படத்துக்காக நடக்கிற விஷயமும் இல்லை, இங்கே ஒரு வீட்டில் கஷ்டம் என்றால் அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டா ஓடுகிறோம்? ஆனால் அந்த மூன்று பேரும் கஞ்சி குடித்த கையோடு, மழைக்காலத்தில் கஷ்டப்படுகிற வீடுகளுக்குச் சேர்ந்து உதவுகிற இன்னொரு வேலையையும் பேசி முடிக்கலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உதவி எப்போது வருகிறது என்று பாருங்கள். சர்ச்சில் கிறிஸ்துமஸுக்கு அரிசி, துணிமணி. முஸ்லிம்கள் ஏழைகளுக்குக் கொடுக்கிற கட்டாய தானமான ஜகாத்தைப் பெரும்பாலும் ரமலானில்தான் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார்கள், ரமலானும் இப்போது பிப்ரவரி, மார்ச் பக்கம் வருகிறது. எங்கள் பக்கம் அம்மன் கோயில் அன்னதானம் அநேகமாக வெயில் காலத்தோடு சரி. எங்கள் தேவாலாவில் மழை பிடிப்பது ஜூனில், பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூனில். அப்புறம் மழை விடாமல் அடித்தால் தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இருக்காது, மளிகைக் கடையில் பற்று ஏறிக்கொண்டே போகும், அந்த நேரம் பார்த்து வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுப்பார். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியபோது எல்லா மதத்துக்காரர்களும் ஓடி வந்தார்கள், குறை சொல்ல முடியாது. செய்தியில் வராத சாதாரண ஜூலைக்குத்தான் ஆள் இல்லை.

இன்னொன்று, யாருக்கு உதவி என்கிற பட்டியல். ஜமாத்தில் ஒரு நோட்டு, சர்ச்சில் ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபையிடம் ஒரு நோட்டு, கோயில் கமிட்டியிடம் ஒன்று. மூன்றையும் சேர்த்து வைத்து யாரும் பார்ப்பதில்லை. அதனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து வீட்டுக்கு மூன்று இடத்திலிருந்தும் அரிசிப் பை போகும், எஸ்டேட்டுக்குள்ளே தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் தனியாக இருக்கிற, 1964 ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த பாட்டிக்கு ஒன்றும் போகாது. பணியர், காட்டுநாயக்கர் போன்ற ஆதிவாசிகளின் குடியிருப்புகளின் நிலை இன்னும் மோசம், அவர்கள் பெயர் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. அங்கே எந்த வீட்டில் என்ன தேவை என்று ஆதிவாசி சங்கத்துக்காரர்களுக்குத்தான் தெரியும் என்பதால் அவர்களில் ஒருவரும் அந்தப் பேச்சில் உட்கார வேண்டும்.

அரிசி ரேஷனிலேயே கிடைக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கும் வழி இருக்கிறது. ஆனால் ஊட்டிக்கோ கோயம்புத்தூருக்கோ நோயாளிக்குத் துணையாகப் போகிறவரின் பஸ் செலவையும் சாப்பாட்டையும் விட்டுப்போன கூலியையும் யாரிடம் போய்க் கேட்பது? ஊர்க்காரர்கள் கொடுக்க வேண்டியது அதைத்தான்.

சேர்ந்து போவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு மதத்துக்காரர் மட்டும் ஒரு குடியிருப்புக்குள் அரிசியோடு போனால் மதம் மாற்ற வந்துவிட்டார்கள், ஓட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று கிளப்பிவிட இப்போது ஆள் இருக்கிறது. மூன்று பேராகப் போனால் என்ன சொல்வார்கள்?

இதற்கு டிரஸ்ட், ரிஜிஸ்டர் ஆபீஸ் எதுவும் வேண்டாம். மே கடைசியில் ஒரு நாள் நோட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்து, எந்த லைனை, எந்தக் குடியிருப்பை யார் பார்த்துக்கொள்வது என்று பிரித்துக்கொண்டால் போதும். கொடுக்கும்போது போட்டோ மட்டும் எடுக்காதீர்கள், அந்த வீடுகளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள்,
தேவாலா, நீலகிரி மாவட்டம்.