உரிந்த லேபிளைத் திருப்பிப் பார்

சிவமயம்

பள்ளத்தூர்

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதுவது. நேற்று ராத்திரி நீ பேசியதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. கடைக்காரர் நாற்பது ஊறுகாய் டப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டார், லேபிள் ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றாய். பசை மட்டம், வேறு அச்சகம் பார்க்கிறேன் என்றாய். அவசரப்படாதே. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் உரிந்த லேபிளைத் திருப்பிப் பார். பசை முழுக்க லேபிளோடு வந்து, டப்பா வழவழவென்று இருந்தால் பசை டப்பாவைப் பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். பசை டப்பாவில் தங்கி, தாள் மட்டும் கையோடு வந்தால் அச்சகத்தாரைக் கேட்கலாம். நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் முதல் வகை என்றுதான் எனக்குப் படுகிறது.

போன மாதம் டப்பாவை மாற்றினாய் அல்லவா? அடியில் முக்கோணத்துக்குள் என்ன எண் இருக்கிறது பார். 1 என்றால் பெட் (PET) பிளாஸ்டிக். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன் என்கிற வேறு பிளாஸ்டிக். வாழையிலையில் தண்ணீர் தெளித்தால் பரவாமல் முத்து முத்தாக உருளுமே, 5-ஆம் எண் டப்பாவில் பசைக்கும் அந்தக் கதிதான். எந்தப் பரப்பில் எவ்வளவு பிடிக்கும் என்று சொல்ல டைன் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பெட்டுக்குச் சுமார் 43, பாலிப்ரொப்பிலீனுக்குச் சுமார் 30. பழைய டப்பாவில் நன்றாக இருந்த அதே லேபிள் புதியதில் உரிகிறது என்றால் லேபிளை எப்படிக் குறை சொல்வது? பாலிப்ரொப்பிலீனில் ஒட்டும் பசை போட்டுக் கொடுங்கள் என்று அச்சகத்தில் வாய்விட்டுக் கேள். ரப்பர் பசை அதில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் வெயிலும் எண்ணெயும் அதற்கு ஆகாது. உன் சரக்கு ஊறுகாய் என்பதையும் மறக்காமல் சொல்.

பிளாஸ்டிக் கவருக்கும் இதே சங்கதிதான். ஆலையில் கரோனா என்று மின்சாரத்தைப் பாய்ச்சி மேல்பக்கத்தை 38 டைனுக்கு மேலே கொண்டுவருவார்கள். நாளாக ஆக அது இறங்கிவிடும். மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டு வருடச் சரக்கை வாங்கி அடுக்காதே.

இனி என் கதை. ஒரு தீபாவளிக்குச் சீப்புச் சீடை டப்பா அறுபது மதுரைக்கு அனுப்பினேன். பாதிக்கு மேல் லேபிள் இல்லாமல் திரும்பி வந்தன. எது எந்தத் தேதியில் சுட்டது என்று எனக்கே தெரியவில்லை. சரக்கில் ஒரு குறையும் கிடையாது, ஆனாலும் தேதி தெரியாத பண்டத்தை யார் பிள்ளைக்குக் கொடுப்பது? மனசே வரவில்லை, அத்தனையையும் கொட்டினேன். பதினான்கு இலக்க உரிம எண், தேதி எல்லாம் அந்தத் தாளில்தானே இருக்கின்றன. லேபிள் டப்பாவை விட்டுப் பிரியக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதியிலேயே இருக்கிறது.

அன்றைக்குத் தப்பு என்னுடையது. வீட்டின் பின்பக்கம் இரண்டாங்கட்டில் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒட்டினோம். எண்ணெய்ச் சட்டியிலிருந்து கிளம்பும் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் டப்பா மேல் படிகிறது. சீடையை அள்ளிப்போட்ட அதே கையால் டப்பாவைப் பிடித்தோம். அதற்கப்புறம் வேலையைத் தலைகீழாக மாற்றினேன். காலி டப்பாவுக்கு மூடி போட்டு, வாசல் பக்கத்து முகப்பில் வைத்து லேபிள் ஒட்டி, மறுநாள்தான் உள்ளே வரும். சரக்கை நிரப்பிய பிறகு தேதி முத்திரை மட்டும் குத்துகிறோம். லேபிளை ஒட்டிய உடனே இழுத்துப் பார்க்காதே, பசை முழுப் பிடிப்புக்கு வர ஒரு நாளாவது வேண்டும். உனக்கு அங்கே முகப்பு ஏது? படுக்கையறையிலாவது வைத்து ஒட்டு.

துடைப்பதற்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்கி, புதுத் துணியில் நனைத்து வெளிப்பக்கம் மட்டும் துடை. தண்ணீரில் சோப்புப் போட்டுத் துடைத்தால் அந்தச் சோப்பே படலமாக நின்றுவிடும். ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பு எரியும்போது அந்தப் பக்கம் கொண்டுபோகாதே. மருமகளிடமும் சொல்லி வை.

ஊறுகாயைச் சூட்டோடு ஊற்றுகிறாயா? ஆறவிடு. சூட்டில் டப்பா விரிந்து, ஆறும்போது சுருங்கும். தாள் சுருங்காது, அதனால் மடிப்பு விழும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வேர்த்த டப்பாவிலும் ஒட்டாதே.

லேபிள் டப்பாவின் தோள் வளைவில் ஏறாமல் இருக்க வேண்டும். சின்ன வட்ட டப்பாவில் தடித்த தாள் நிமிரத்தான் பார்க்கும். மெல்லிய ஃபிலிம் லேபிளாக எடுத்து, முழுச் சுற்று சுற்றி ஒரு விரல் அகலம் லேபிள் மேலேயே ஏறும்படி ஒட்டு. பிளாஸ்டிக்கை விட லேபிளின் மேல் பசை நன்றாகப் பிடிக்கும். நடுவில் அழுத்தி ஓரத்துக்குத் தள்ளு. மூலை வட்டமாக இருந்தால் சீக்கிரம் கிளம்பாது.

மறுபடி ஆயிரம் லேபிள் அடிக்காதே. பத்து ஒட்டி, இரண்டை ஃபிரிட்ஜில் வை, இரண்டை வெயிலில் வை, இரண்டின் மேல் நல்லெண்ணெய் தடவி வை. ஒரு வாரம் போகட்டும். கடைக்காரரிடம் நானே பேசவா?

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் தேன்குழல் இரண்டு டப்பா போட்டுவிடுகிறேன். பிரிப்பதற்கு முன்னால் லேபிள் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்துச் சொல்.

உன் ஆத்தா