திரையைப் பார்த்தால் கணினி வந்துவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

அரசுப் பள்ளிகளில் இணையவழிக் கற்றல் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கணினிகள் வைத்த ஹைடெக் ஆய்வகம், திறன்மிகு வகுப்பறை, கல்வி தொலைக்காட்சி, பாட வீடியோக்கள் தரும் மணற்கேணி செயலி என்று வரிசையாகச் சொல்லியிருந்தீர்கள். நல்ல ஏற்பாடுகள்தான், குறை சொல்ல மாட்டேன். 2020-இல் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது, ஸ்மார்ட்போன் இல்லாத ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி வீடுகளில் பிள்ளைகளுக்குக் கல்வி தொலைக்காட்சிதான் கைகொடுத்தது. ஆனால் இவை எல்லாமே கணக்கையும் அறிவியலையும் திரை வழியாகச் சொல்லித்தருபவை. கணினியை யார் சொல்லித்தருகிறார்கள்?

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடம் ‘காட்சித் தொடர்பு’. ஸ்கிராட்ச் என்ற மென்பொருளைப் பற்றியது. கட்டளைத் துண்டுகளை மவுஸால் இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் திரையில் இருக்கும் பூனை நடக்கும், பேசும். விளையாட்டாகவே நிரல் எழுதப் பழக்கும் அருமையான பாடம். என் மகன் அதைப் படித்த விதம் வேறு. ‘ஸ்கிராட்ச் என்றால் என்ன?’, ‘மேடை என்றால் என்ன?’ என்று கேட்டால் ஒரு வரி பிசகாமல் ஒப்பிப்பான். பூனையை நடக்க வைத்தாயா என்று கேட்டேன். “அதெல்லாம் லேபுல செய்ய விட மாட்டாவப்பா, பரீட்சைக்கு எழுதுனா போதும்” என்றான். அறிவியல் செய்முறைத் தேர்வுக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. அதில் இயற்பியல், வேதியியல், உயிரியல் உண்டு, கணினி கிடையாது.

ஆய்வகம் பூட்டிக் கிடக்கிறது என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளியில் இணையவழித் தேர்வு நடக்கிறது, வீடியோ காட்டுகிறார்கள், மீதி நேரம் பள்ளி, மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு. அந்த அறையைப் பார்த்துக்கொள்பவருக்கு அந்தப் பதிவு வேலையே சரியாக இருக்கிறது. ஒரு பிள்ளை தானாக ஒரு கோப்பைத் திறந்து, எதையாவது செய்து பார்த்து, தப்பாகப் போனால் திருத்தி, சேமித்து வைக்க நேரமே இல்லை. இப்படிப் பத்தாவது முடித்துவிட்டு, ‘கம்ப்யூட்டர் குரூப் எடுத்தால் வேலை கிடைக்கும்’ என்று நம்பி வரும் பிள்ளைக்குப் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான் என்ற நிரல் மொழிகள். விசைப்பலகையில் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே நிரல் எழுத வேண்டும். அப்புறம் எதற்கு மனப்பாடம் செய்கிறார்கள் என்று திட்டுகிறோம்?

எங்கள் பக்கத்தில் இதை எல்லோருமே ஒப்பிட்டுப் பார்க்கிறோம். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்துப் பாறசாலை. பெண் கொடுத்து, பெண் எடுத்து இரண்டு பக்கமும் உறவுக்காரர்கள்தான். என் தங்கை மகள் அங்கே பத்தாவது. கணினி அவளுக்குத் தனிப் பாடம், எஸ்.எஸ்.எல்.சி.யில் கணினி முன் உட்கார்ந்துதான் அந்தத் தேர்வை எழுத வேண்டும். கேரளத்தில் பள்ளிகளில் கணினி கற்பிக்கும் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் 2001-இல் தொடங்கியது. 2017-இல் அதுவே ‘கைட்’ என்ற நிறுவனமானது. கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்துவதால் உரிமக் கட்டணம் என்ற பேச்சும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு ஹைடெக் ஆய்வகங்களும் திறன்மிகு வகுப்பறைகளும் அமைக்க 2023-இல் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஆர்டர் வாங்கியது கேரள அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரான். பெட்டிகள் எல்லை தாண்டி வந்துவிட்டன. எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பாடவேளை மட்டும் வரவில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து கணினிக்கு வாரத்தில் ஒரு பாடவேளையாவது வேண்டும். அதைக் கணினி படித்தவர் எடுக்க வேண்டும். கணினி அறிவியலில் பி.எட். முடித்துவிட்டு வேறு வேலை பார்ப்பவர்கள் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் எத்தனையோ பேர். மதிப்பெண்ணும் வேண்டும். அது பிடிக்காதவர்கள் உண்டு, தெரியும். ஆனால் மதிப்பெண் இல்லாத பாடத்தை நம் ஊரில் பெற்றோரும் மதிப்பதில்லை, பள்ளியும் மதிப்பதில்லை. விளையாட்டுப் பாடவேளையை யார் யார் கடன் வாங்குகிறார்கள் என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்டுப் பாருங்கள்.

பாடத்திட்டம் மாற நாளாகும், சரி. அதுவரை மாலையில் ஒரு மணி நேரம் ஆய்வகத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாமே. பேச்சிப்பாறைக்கு மேலே காணி பழங்குடியினர் குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வீட்டில் கணினியும் கிடையாது, சிக்னலும் சரியாகக் கிடையாது. பேருந்தைப் பிடிக்க ஓட வேண்டிய அவர்களுக்கு மாலை நேரமும் ஒத்துவராது; மதிய இடைவேளையில்தான் இடம் கொடுக்க வேண்டும். மழையில் மின்சாரம் போகும் நாட்களையும் கணக்கில் வைத்து, யு.பி.எஸ். பேட்டரிகள் உயிரோடு இருக்கின்றனவா என்று மாவட்டக் கல்வி அதிகாரிகள் ஒரு முறை பள்ளி பள்ளியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்,
மேல்புறம், கன்னியாகுமரி மாவட்டம்.