கையெழுத்துப் போட்டால் வரி வந்துவிடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டு வேலை செய்பவர்கள் நலவாரியத்தில் பதிவு செய்வது பற்றி நீங்கள் வெளியிட்ட செய்தியில், பதிவு குறைவாக இருப்பதற்கு அந்தப் பெண்களிடம் விழிப்புணர்வு இல்லாததுதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். நான் பார்த்தவரையில் அந்தப் பெண்களுக்கு எல்லாம் தெரிகிறது, வேலை வாங்குகிற வீடுகள்தான், வரியும் பிஎஃப்பும் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டு, பதிவுக்குத் தேவையான பணிச் சான்றில் கையெழுத்துப் போட மறுக்கின்றன.

நான் குரோம்பேட்டையில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். ஜூலை வந்தால் போதும், கம்பெனி கொடுத்த சம்பளச் சான்றான ஃபார்ம் 16ஐ நீட்டும்போதே கூடவே இதையும் கேட்பார்கள்: "சார், வேலைக்கு வர்ற அம்மாவுக்கு ஜிபேயில சம்பளம் போடறேன், டிடிஎஸ் பிடிக்கலைன்னு நோட்டீஸ் வருமா?" டிடிஎஸ் என்றால் சம்பளம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி. இந்தப் பயம் யாரோ வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட்டது, இன்னும் ஓயவில்லை.

எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்து வீடு துடைக்கும் ஒரு அக்கா, ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், போட்டோ எல்லாவற்றையும் ஒரு துணிக்கடைக் கவரில் போட்டுக்கொண்டு பணிச் சான்றுக்காக வீடு வீடாகப் போனார். முதல் வீட்டில் படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் என்ன கம்பெனியா நடத்தறேன்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வீட்டில், பிஎஃப் கட்டச் சொல்வார்களோ என்று மகனிடம் போனில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னவர்கள் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மூன்றாவது வீட்டு அம்மா ரொம்ப நல்லவர், கையெழுத்து வேண்டாம், வேண்டுமானால் ஐந்நூறு ரூபாய் தருகிறேன் என்றாராம்!

சரி, கணக்குக்கு வருவோம். நான்கு வீட்டில் ஆளுக்கு மூவாயிரம் என்றால் மாதம் 12,000, வருடத்துக்கு 1,44,000 ரூபாய். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது, தள்ளுபடியைச் சேர்த்தால் 12 லட்சம் வரைக்கும் கட்ட வேண்டியது பூஜ்யம். சம்பளம் கொடுப்பவர் தனிநபராக இருந்தாலும் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்று சட்டத்தில் இருப்பது உண்மைதான், ஆனால் வாங்குகிறவரின் வருமானம் வரி வரம்பைத் தாண்டினால்தான் பிடிப்பதற்கு ஏதாவது இருக்கும். மாதம் 25,000 வாங்குகிற முழுநேர டிரைவருக்கே வருடத்துக்கு 3 லட்சம்தான் ஆகிறது. பணமாகக் கொடுத்தாலும் ஜிபேயில் போட்டாலும் இதில் எந்த வித்தியாசமும் இல்லை. அந்தச் சம்பளத்தை உங்கள் வருமானத்தில் செலவாகக் கழிக்கவும் முடியாது (இதையும் கேட்கிறார்கள்), அது உங்கள் சொந்தச் செலவு.

பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) குறைந்தது 20 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு, இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) குறைந்தது 10 பேர் இருந்தால். உங்கள் வீட்டுச் சமையலறை அந்தக் கணக்கில் வராது.

ஏஜென்சி மூலம் ஆள் வைத்தால் கதையே வேறு. படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்கு ஹோம் நர்ஸ் வைப்பவர்கள் மாதாமாதம் பணத்தை ஏஜென்சியிடம் கட்டுகிறார்கள், அதில் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. ஆளை அனுப்புவதும் மாற்றுவதும் சம்பளம் போடுவதும் ஏஜென்சி என்றால் அவர்கள்தான் முதலாளி. அங்கே பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்து, அந்தப் பெண்ணின் சம்பளமும் 21,000க்குள் இருந்தால் இஎஸ்ஐ கட்டும் பொறுப்பும் அவர்களுடையது. இஎஸ்ஐ எண் இருக்கிறதா என்று அந்தப் பெண்ணிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் வந்து குழாய் ரிப்பேர் செய்துவிட்டுப் போகும் பிளம்பர் உங்கள் வேலைக்காரர் இல்லை, அவருக்குக் கூலி கொடுத்ததோடு சரி.

கையெழுத்துப் போடாமல் இருந்தால் தப்பித்துவிட்டோம் என்று நினைப்பதும் தப்பு. தமிழக அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி அறிவித்தது 2018இல். சான்று கொடுத்த வீட்டுக்கும் அது உண்டு, கொடுக்காத வீட்டுக்கும் உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013இல் வந்த சட்டம் வீட்டையும் பணியிடமாகவே சேர்த்திருக்கிறது. ஆனால் 2025 நவம்பரில் அமலுக்கு வந்த, முதலாளி-தொழிலாளி தகராறுகளுக்கான மத்திய சட்டமான தொழில் உறவுத் தொகுப்பைப் பாருங்கள், 'தொழில்' என்பதில் வீட்டு வேலை சேராது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பத்து வருடம் வேலை பார்த்த பெண்ணை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னால் அதைத் தொழில் தகராறு என்று கொண்டுபோக வழியில்லை. வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடையான கிராஜுட்டியும் கிடையாது. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளமும் ஒரு புடவையும் கொடுப்பது கூட வழக்கம்தானே தவிர சட்டம் இல்லை, கொடுக்காத வீடுகளும் இருக்கின்றன.

ஆக, சட்டம் நம் தலையில் ஏற்றியிருக்கிற சுமை இவ்வளவு குறைவு. இதற்கே பயந்துகொண்டு, 2007இல் தொடங்கிய அந்த நலவாரியத்தின் அட்டையை அவர்களுக்குக் கிடைக்க விடாமல் செய்வது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, பிரசவ உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம், இதற்கெல்லாம் அந்த அட்டை வேண்டும். சிலர் இ-ஷ்ரம் கார்டு எடுத்தாயிற்றே, அது போதாதா என்கிறார்கள். அது 2021இல் மத்திய அரசு அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய பதிவு, இது மாநில வாரியம், இரண்டும் வேறு. தொழிற்சங்கம் மூலமாகவும் சான்று வாங்கலாம்தான், ஆனால் ஏழு மணிக்கு முதல் வீட்டில் ஆரம்பித்து மூன்று மணிக்கு நாலாவது வீட்டில் முடிக்கிறவர் சங்க அலுவலகத்துக்கு எப்போது போவார்?

தொழிலாளர் துறைக்கு ஒரு யோசனை. பணிச் சான்றுப் படிவத்தின் அடியில், 'இதில் கையொப்பமிடுவதால் வீட்டு உரிமையாளருக்கு வரியோ பிஎஃப், இஎஸ்ஐ கட்டணமோ புதிதாக ஏற்படாது' என்று இரண்டு வரி பெரிய எழுத்தில் அச்சடித்துவிடுங்கள். பதிவு முகாம் நடத்துகிற செலவில் பாதி கூட ஆகாது. நீங்களும் அடுத்த முறை இந்தச் செய்தி போடும்போது அந்த வரிகளைச் சேர்த்துப் போட்டால் நல்லது, எங்கள் தெருவில் உங்கள் பேப்பர்தான் அதிகம் வாங்குகிறார்கள்.

– ஒரு வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை