கடலோர வரலாற்றுச் சின்னங்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை (2024–25)

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர், "செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரை மாமல்லபுரத்தோடயே முடிஞ்சுபோச்சா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இந்த ஆண்டு நம்மைத் தெற்கே நடக்க வைத்தது.

மாமல்லபுரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். வேலி, காவலர், நுழைவுச்சீட்டு எல்லாம் இருக்கின்றன. அங்கே ஒரே ஒரு வரலாற்று நடை மட்டும் நடத்தினோம், அதுவும் சாளுவன்குப்பத்துக்கு. புலிக்குகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோரே மிகுதி. 2004 ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்றபோது பாறையில் கல்வெட்டுகள் தெரிந்தன. அதைத் தொடர்ந்து தொல்லியல் துறை தோண்டியதில் ஒரு முருகன் கோயிலே கிடைத்தது. மேலே பல்லவர் காலக் கருங்கல் வேலை, அடியில் அதைவிடப் பழைய செங்கல் கட்டடம். வடக்கு நோக்கிய கோயில், முன்னே கல்லால் ஆன வேல். அந்த வேலின் முன் நம் உறுப்பினர்கள் வெகுநேரம் பேச்சின்றி நின்றிருந்தார்கள்.

இரண்டாம் நடை கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டை, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. உள்ளே இருக்கும் கல்லறைகளின் மேற்கற்களில் செதுக்கியுள்ள எழுத்தும் சின்னங்களும் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. இந்த ஊர் ஒரு காலத்தில் மெல்லிய பருத்தித் துணிக்குப் பேர்போனது. 1782 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சு, ஆங்கிலக் கடற்படைகள் மோதிக்கொண்டது இந்தக் கரைக்கு எதிரில்தான். கல்பாக்கத்திலேயே பிறந்து வளர்ந்த மாணவர்கள் சிலர் அன்றுதான் முதன்முறையாகக் கோட்டைக்குள் கால் வைத்தார்கள். எனக்கு அது வருத்தம்தான்.

இந்த ஆண்டு நம் மனமெல்லாம் ஆலம்பரையில்தான் இருந்தது. கடப்பாக்கத்துக்கு அருகே, கழிமுகத்தை ஒட்டி நிற்கும் கோட்டை. 1750இல் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குக் கொடுக்கப்பட்டது. 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்துப் போட்டார்கள். ஒரு காலத்தில் இங்கே நாணயச் சாலை இருந்தது. படகுத்துறை கடலுக்குள் நீண்டிருந்தது. போரில் இடிந்தது போக நின்றதில் ஒரு பகுதியை 2004 பேரலை சாய்த்தது. மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்றாலும், சுவரில் ஆணியால் பெயர் கீறுவதும் பாட்டில் உடைப்பதும் நிற்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் குப்பை அள்ளினோம். சுவரில் நாம் கை வைக்கவில்லை. சுண்ணாம்புச் சாந்துக் கட்டடத்தில் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் பொரிந்துவிடும். நல்லெண்ணத்தில் பூச வந்த இளைஞர்களிடம் இதை எடுத்துச் சொல்லித் தடுத்ததையே இந்த ஆண்டின் பெரிய வேலையாக நான் கருதுகிறேன்.

ஒரு மனக்குறையையும் பதிவு செய்ய வேண்டும். வழிகாட்டிப் பலகை கேட்டு ஓர் அலுவலகத்துக்கு இருமுறை மனு கொடுத்தோம். பதில் இல்லை. மூன்றாவது மனு தயாராக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அனைவரும் கையெழுத்திட வேண்டும்.

சின்னங்களுக்கு அருகே குடியிருக்கும் உறுப்பினர்கள் அடிக்கடி கேட்பதால் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் 2010 திருத்தப்படி, மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம். ஆனால் 100 மீட்டருக்குள் ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம். கூரை ஓடுகளைக்கூட மாற்ற முடியாது என்று பயந்து ஒழுகும் வீட்டில் இருக்காதீர்கள். விண்ணப்பம் எழுத நம் சங்கம் உதவும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அடுத்த நடை மீண்டும் ஆலம்பரைக்கே. தை மாத முதல் ஞாயிறு, காலை 6 மணிக்குக் கடப்பாக்கம் பேருந்து நிறுத்தத்தில் கூடுகிறோம். சாக்குப்பையும் கையுறையும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்